மெதுவா வா, ரயிலே

1957 செப்டம்பர் 12, வியாழன்

சலவைக்கூடத்தில் இன்று இஸ்திரி மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பாட்டு. என் புருஷன் வில்ஃப் பாடின பாட்டுதான். "மெதுவா வா, ரயிலே, மெதுவா வா." சொல்வது மெதுவா, பாடுவது நாய் துரத்துகிற வேகம். நடுவில் அந்த "பைம்பெட்டி யெம்பையா" வந்ததும் எல்லாப் பெண்களும் இஸ்திரிப் பெட்டியை மேசையில் டம் டம் என்று இடித்தார்கள். மேற்பார்வைக்காரி மிசஸ் கிளட்டர்பக் என்னைப் பார்த்துத்தான் முறைத்தாள். "எனிட், உன் வீட்டுக்காரன் யாரையும் வேலை செய்ய விடமாட்டானா?" பிறகு அவளே பைம்பெட்டி பைம்பெட்டி என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

பைம்பெட்டி யெம்பையா என்றால் என்ன அர்த்தம் என்று புதிதாகச் சேர்ந்த பெண் கேட்டாள். ஒரு அர்த்தமும் இல்லை என்றேன். டெட்ஃபர்ட் சந்தையில் பொறுக்கிய பழைய அமெரிக்க இசைத்தட்டு அது. அமோஸ் ரக்கர் என்று ஒரு கறுப்பர் பாடியது. அந்த வரியில் கீறல் சத்தம் வேறு. வில்ஃப் காதில் எது விழுந்ததோ அதைப் பாடிவைத்தான். இப்போது நாடு முழுக்கப் பையன்கள் அதைத்தான் கத்துகிறார்கள். கடைகளில் துவைக்கும் பலகையே கிடைப்பதில்லையாம். மகன்கள் தாளம் போடத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், அம்மாக்கள் எங்களிடம் அழுக்குத் துணியைக் கொண்டுவருகிறார்கள். வில்ஃபால் சலவைக்கூடத்துக்கு நல்ல வியாபாரம்.

செப்டம்பர் 13, வெள்ளி

பேசில் ட்ரெட்கோல்டின் நிலவறை மன்றம். வில்ஃப் இன்னும் அவருடைய ஜாஸ் குழுவில் பாஞ்சோ வாசிக்கிறான். இவ்வளவு பேரும் புகழும் வந்த பிறகும் வெள்ளிக்கிழமையை விடவில்லை. ஸ்கிஃபிள் என்று இப்போது பேர் வைத்திருக்கிற எங்கள் தட்டுமுட்டுப் பாட்டு பிறந்ததே இந்த இடத்து இடைவேளையில்தானே. ஊதுகிறவர்களுக்கு உதடு வீங்கும், தொண்டை காயும். அவர்கள் எதிரே மூன்று கொக்கு மதுக்கடைக்குப் போய்த் திரும்பும்வரை கூட்டம் கலையாமலிருக்க யாராவது எதையாவது செய்யவேண்டும். அந்த யாராவது வில்ஃப். கூட நானும் என் அம்மாவின் தகரத் துவைபலகையும், விரலுக்கு ஒன்றாகத் தையல் விரலுறைகளும். அப்புறம் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெர்ஸ் டல்லியும் அவனுடைய தேயிலைப் பெட்டியும். பெட்டியில் ஒரு துடைப்பக்கட்டை, சுண்டினால் டும் என்கிற ஒரு கயிறு, முடிந்தது. ஆறு வருஷமாக இதுதான் கச்சேரி.

பேசில் கோட்டை மாட்டிக்கொண்டே இன்றும் அதையேதான் சொன்னார். "சரி, பெட்டியத் தட்டுங்க. நாங்க தொண்டைய நனைச்சிட்டு வந்துடறோம்."

இத்தனை வருஷத்தில் அவர் எங்கள் பாட்டு ஒன்றைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. பாதி கேட்ட ஒரு தடவையும், இது மனுஷன் பாடுகிற சுருதியா, பூனை வாலை மிதித்த மாதிரி இருக்கிறதே என்றார். போன வருஷம் அவர் மகன் கார்டன் சைப்ரஸில், ராணுவத்தில் இருந்தபோது, செத்துப்போனான். அங்கேயே புதைத்துவிட்டார்கள். அதன்பிறகு மனிதருக்குச் சிடுசிடுப்பு கூடிவிட்டது. அதைப் பற்றி யாரும் அவரிடம் பேசுவதில்லை, அவரும் பேசுவதில்லை. மதுக்கடைக்கு முதல் ஆளாகப் போகிறார், கடைசி ஆளாக வருகிறார்.

வில்ஃபுக்கு இரண்டாவது பாட்டிலேயே தொண்டை கரகரத்தது. தேன் போட்டுக் கொடுத்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

தொண்டை வைத்தியரிடம் போனோம். உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்தார். குரல் நாணில் அரிசிமணிபோல் இரண்டு முளைத்திருக்கிறதாம். இவ்வளவு உச்சத்தில் ஏன் பாடுகிறீர்கள், உங்கள் உடம்புக்கு இது பொருந்தாத குரல், கீழே இறங்கிப் பாடுங்கள், இல்லாவிட்டால் பாடவே முடியாமல் போகும் என்றார். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்.

வெளியே வந்ததும் வில்ஃப் சொன்னான், அமோஸ் ரக்கர் அங்கேதான் பாடியிருக்கிறார், நானும் அங்கேதான் பாடுவேன் என்று. அவன் மனதில் அமோஸ் ரக்கருக்கு ஒரு உருவமே உண்டு. ஒல்லியான, குள்ளமான மனிதர், கழுத்து நரம்பு புடைக்கப் பாடுகிறவர். அதாவது வில்ஃபேதான், தோல்நிறம் மட்டும் வேறு.

நவம்பரில் ஊர் ஊராகப் பெரிய அரங்குகள். ஏஜென்ட் ஸ்பரியர் ஏற்பாடு செய்துவிட்டார். எனக்கு அந்த அரிசிமணிகள் நினைவாகவே இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

ரேடியோகிராம் வந்து இறங்கியது, வானொலியும் மின்சார இசைத்தட்டுப் பெட்டியும் ஒன்றாக. முன்னறையில் பாதி அதற்கே. இனி பழைய கிராமபோனுக்குச் சாவி கொடுத்துக் கையொடிய வேண்டாம். சந்தையில் வாங்கும்போதே அதில் வேகத் திருகு உடைந்திருந்தது, பாதியில் திணறும், பிறகு தானாகத் தெளியும்.

முதல் மரியாதை அமோஸ் ரக்கருக்கு என்று வில்ஃப் அந்தத் தட்டையே வைத்தான். பெர்ஸும் இருந்தான். உள்ளேயிருந்து கிணற்றுக்குள் மாடு கத்துவதுபோல் ஒரு குரல். பெர்ஸ் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "வாங்கின அன்னிக்கே படுத்துடுச்சுடா உன் மெஷின்."

திங்கட்கிழமை அந்தக் கடைக்காரனை உண்டு இல்லை என்று பார்த்துவிடுகிறேன்.

அக்டோபர் 7, திங்கள்

உண்டு இல்லை என்று ஆனது நாங்கள்.

கடைக்காரர் வீட்டுக்கே வந்தார். நான் வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். பாவம், நான் கொட்டித் தீர்க்கும்வரை கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு வட்டக் காகிதம் எடுத்தார், அதில் கறுப்புக் கோடுகள். சுழலும் தட்டின்மேல் வைத்து விளக்கைப் போட்டார். வேகம் சரியாக இருந்தால் கோடுகள் நின்றமாதிரி தெரியுமாம். நின்றன. அப்புறம் எங்கள் பழைய கிராமபோனில் அதே காகிதத்தை வைத்தார். கோடுகள் ஓடின. ஓட்டமென்றால் அப்படி ஓட்டம்.

"புதுசு சரியாத்தான் இருக்கு, மிசஸ் டன்ஸ்டன். உங்க பழசுதான் வேகமா ஓடி, குரலையும் மேல ஏத்தி, இவ்வளவு காலமா பொய் சொல்லியிருக்கு."

அம்மா உயிரோடிருந்தபோது ஒருமுறை கேட்டாள், இவர்களெல்லாம் ஏன் ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரியே பாடுகிறார்கள் என்று. அமெரிக்கர்கள் அப்படித்தான் என்றேன். பெரிய மேதை நான்.

வில்ஃப் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அக்டோபர் 8, செவ்வாய்

மறுபடி கேட்டோம். இந்தத் தடவை சிரிக்க யாரும் இல்லை.

ஒல்லியும் இல்லை, குள்ளமும் இல்லை. கனத்த மனிதர். அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். அவசரமே இல்லாமல் பாடுகிறார், கிடாரில் ஒரு அடி, பிறகு மூச்சு, பிறகு ஒரு அடி. வேகம் போனதும் கீறலுக்குக் கீழேயிருந்த வரியும் தெளிந்துவிட்டது.

மெதுவா வா, ரயிலே, மெதுவா வா,
அவசரம் இனி யாருக்கு?
பைன் பெட்டியில என் பையா,
மெதுவா வா.

பைம்பெட்டி யெம்பையா.

மகனின் சவப்பெட்டி வருகிற ரயிலுக்காக நிலையத்தில் நிற்கிற ஒரு அப்பா. அதைத்தான் நாங்கள்... மேசையை இடித்து இடித்து... மெதுவா வா, மெதுவா வா என்று அந்த மனுஷன் தலைதலையா அடிச்சுக்கிட்டுச் சொல்லியிருக்காரே, ஒருத்தர் காதிலாவது விழுந்துச்சா? நாடே பாடுதே, ஒருத்தராவது அந்த வார்த்தையைக் கேட்டோமா?

அக்டோபர் 9, புதன்

வில்ஃப் சாப்பிடவில்லை. நெத்திலி வறுவலைப் பூனை தின்றது.

அக்டோபர் 13, ஞாயிறு

சண்டை. நானாக ஆரம்பிக்கவில்லை. சரி, நான்தான் ஆரம்பித்தேன். ஐந்து நாளாக ஒரு மனிதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? யாரையும் கொல்லவில்லையே, ஒரு பாட்டை வேகமாகப் பாடிவிட்டாய், அதைக் கேட்டு எத்தனை பையன்கள் முதல்தடவையாகக் கையில் கிடார் எடுத்தார்கள், அது பொய்யா என்று கேட்டேன்.

"பையன்கள் கத்திக் கத்தித் தொண்டையக் கிழிச்சுக்கறாங்க, எனிட். என்னைப் பாத்து. நான் யாரைப் பாத்துக் கத்தினேன்? ஒரு உடைஞ்ச திருகைப் பாத்து. டன்ஸ்டன் குரல், டன்ஸ்டன் குரல்னு எழுதறாங்களே, அது என் குரலும் இல்ல, அந்த ஆள் குரலும் இல்ல. யாரோடதுடி அது?"

 பதில் தெரியாதபோது நான் பாத்திரம் துலக்குவேன்.

இனி அந்தப் பாட்டைப் பாடினால் அமோஸ் ரக்கர் பாடின மாதிரிதான் பாடுவானாம். வைத்தியர் சொன்னதற்கும் அதுதான் ஒத்துவரும். தொண்டை பிழைக்கும். நான் சந்தோஷப்பட வேண்டும். ஆனால் முதலில் என் மனதில் வந்தது வேறு. அவ்வளவு மெதுவான பாட்டில் என் பலகைக்கு என்ன வேலை? புருஷன் தொண்டையைவிடப் பத்து விரலுறை பெரிதாகப் போயிற்று எனக்கு. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அதுதான் வந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

ஏஜென்ட் ஸ்பரியரிடம் வில்ஃப் தட்டைப் போட்டுக் காட்டினான். கடைசிவரை கேட்டார், அது அவர் நல்ல குணம். பிறகு, பிரமாதம், மனதைப் பிசைகிறது, சாதாம் அரங்கில் இதைப் பாடினால் உங்களை அடித்துத் துரத்துவார்கள் என்றார். சனங்கள் பைம்பெட்டிக்காகத்தான் வருகிறார்கள், பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை என்றார்.

இன்றோடு பேசில் குழுவிலிருந்தும் விடைபெற்றோம். அவர் கைகுலுக்கினார். "போற இடத்துல இடைவேளை கிடையாது, வில்ஃப். முழு நேரமும் நீதான் நிக்கணும்." கரிசனமா, குத்தலா, எனக்கு விளங்கவில்லை.

நவம்பர் 9, சனி, சாதாம்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

அரங்கு நிறைய வாண்டுகளும் கடற்படைப் பையன்களும். எல்லாப் பாட்டுக்கும் ஆட்டம். கடைசியில் வில்ஃப் முன்னால் வந்து, இந்தப் பாட்டை நான் தப்பாகப் பாடிவந்திருக்கிறேன், இன்று சரியாகப் பாடப்போகிறேன் என்றான். ஏதோ வேடிக்கை செய்கிறான் என்று சிரித்தார்கள். அவன் தாழ்வாக, மெதுவாக ஆரம்பித்தான். நான் மடியில் பலகையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பெர்ஸ் மட்டும் கயிற்றை அவ்வப்போது ஒரு சுண்டு.

முதல் அடி முடியும்வரை பொறுத்தார்கள். பிறகு விசில். பிறகு மேல்மாடத்திலிருந்து ஆரஞ்சுத் தோல். பிறகு ஒரு மூலையில் ஆரம்பித்து அரங்கு முழுக்க, பைம்பெட்டி! பைம்பெட்டி! காலால் தரையை உதைத்து, எங்கள் வேகத்தில், நாங்கள் கற்றுக்கொடுத்த வேகத்தில். அவன் "என் பையா" என்று பாடுகிறான், ஆயிரம் வாய்கள் அதன்மேல் ஏறி மிதிக்கின்றன. திரைக்கு ஓரத்தில் நின்ற மேலாளர் கையை வேகமாகச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார்.

வில்ஃப் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் என்ன செய்தேன்? விரலுறைகளைப் பலகையில் ஓடவிட்டேன். பழைய வேகத்தில். நான்தான். கூட்டம் அவனைக் கிழித்துவிடுமோ என்று பயம். அவனும் தாவிப் பிடித்துக்கொண்டான், அந்த உச்சத்துக்கு ஏறினான். மூன்றாவது அடியில் பைம்பெட்டிக்கு வாயைத் திறந்தான், சத்தமே வரவில்லை. ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களே பாடி முடித்துவிட்டார்கள்.

ஒப்பனையறைத் தொட்டியில் துப்பினான். ரத்தம்.

நவம்பர் 11, திங்கள்

வைத்தியர்: புத்தாண்டு பிறக்கும்வரை ஒரு வார்த்தை பேசக்கூடாது. முணுமுணுக்கவும் கூடாது. குரல் வந்தாலும் வரலாம். உச்சம் போனது போனதுதான்.

நவம்பர் 24, ஞாயிறு

பேசாத புருஷனோடு வாழ்வதில் சில சௌகரியங்கள் இருக்கத்தான் செய்கின்றன. என் விரலுறை ஒன்றை மாட்டிக்கொண்டு மேசையில் தட்டுகிறான், ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் நான் பேசி முடிக்கும்வரை அவன் காத்திருப்பது இப்போதுதான்.

சாதாமில் பலகையை நான் ஓட்டியிருக்கக் கூடாது, என்மேல் கோபமா என்று கேட்டேன். இரண்டு தட்டு. கொஞ்சம் யோசித்து மறுபடி இரண்டு தட்டு.

அழுதுவிட்டேன். எழவு, எழுதும்போதும் வருகிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஸ்பரியர் நான்கு வாலிபர்களைப் பிடித்து எங்கள் பாட்டைப் பாட வைத்திருக்கிறார். வானொலியில் கேட்டோம். எங்களைவிட வேகம். மின்சாரக் கிடார். பலகை இல்லை, பெட்டி இல்லை. நான் அணைக்கப் போனேன், வில்ஃப் மேசையில் இரண்டு தட்டினான். முழுதும் கேட்டான்.

சாயங்காலம் கடைக்குப் போனபோது, யுத்தத்தில் குண்டு விழுந்து காலியாகக் கிடக்கும் மனையில் தெருப் பிள்ளைகள் அதையே பாடிக்கொண்டிருந்தார்கள். தேயிலைப் பெட்டி, யார் வீட்டுப் பலகையோ, கம்பி அறுந்த கிடார். கழுத்து நரம்பு புடைக்க, அப்படியே வில்ஃப். குளிரில் கழுத்துத் துண்டைச் சுற்றிக்கொண்டு அவன் நின்று கேட்டான். அவர்களுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் இன்னும் கத்தியிருப்பார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது. அவன் முகத்தில் கொதிப்பைக் காணோம். சந்தோஷமாக இருக்கிறார்கள் என்பதுபோல் அவர்கள் பக்கம் தலையை ஆட்டிக் காட்டினான். பெற்ற பிள்ளை இனி நம் பேச்சைக் கேட்காது என்று தெரிந்துகொண்ட தகப்பன் முகம் அது.

1958 ஜனவரி 5, ஞாயிறு

"டீ ஆறிப்போச்சு."

யாரோ வேற்றாள் வீட்டுக்குள் வந்துவிட்டதாக ஒரு கணம் துணுக்கென்றது. அவ்வளவு தாழ்ந்த குரல். கரடுமுரடு, ஆனால் அடியில் திடமாக இருக்கிறது. திரும்பத் திரும்பப் பேசச் சொன்னேன். அவன் டீயைப் பற்றியே பேசினான்.

ஜனவரி 29, புதன்

வாசலில் பேசில் ட்ரெட்கோல்ட். தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. புது பாஞ்சோக்காரனுக்குக் காய்ச்சல், வெள்ளிக்கிழமைக்கு வில்ஃப் வரமுடியுமா என்று கேட்டார். தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. போகும்போது மட்டும் படியில் நின்று, "இடைவேளையில உங்களுக்கு எது முடியுமோ அதைச் செய்யுங்க. வெறும் பெட்டியத் தட்டினாக்கூடப் போதும்" என்றார்.

ஊரெல்லாம் சுற்றி, புறப்பட்ட இடைவேளைக்கே வந்துசேர்ந்தோம். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நான் அதைச் சொல்லவும் சொன்னேன். வில்ஃப் புதுக் குரலில் சிரித்தான்.

ஜனவரி 31, வெள்ளி

நிலவறையில் பாதிக் கூட்டம்தான். முதல் பகுதி முடிந்தது. ஊதுகிறவர்கள் கோட்டை எடுத்தார்கள். பேசில் சொல்லவேண்டியதைச் சொன்னார், பெட்டியத் தட்டுங்க, தொண்டைய நனைச்சிட்டு வந்துடறோம். படியேற ஆரம்பித்தார்கள்.

வில்ஃப் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. சாதாம் கற்றுக்கொடுத்த பாடம். சும்மா ஆரம்பித்தான். மெதுவா வா, ரயிலே.

நான் ஒன்பது விரலுறையைக் கழற்றி மடியில் வைத்துவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அவன் ஆம் சொல்லத் தட்டிக்கொண்டிருந்த அதே ஒன்று. பலகையில் மேலிருந்து கீழே ஒரு இழுப்பு. பிறகு காத்திருப்பு. பிறகு ஒரு இழுப்பு. தண்டவாள இடைவெளியைச் சக்கரம் தாண்டுகிற சத்தம், ரயில் நிற்கப்போகும்போது வருமே, அது. இவ்வளவு நாள் எனக்கு அது எட்டவில்லை. பலகைக்கு வேலை இருக்கிறது.

இரண்டாவது அடியில்தான் கவனித்தேன், படியில் காலடிச் சத்தம் நின்றுபோயிருந்தது. டிராம்போன்காரர் ஒரு கை கோட்டில், ஒரு கை வெளியில். அவருக்கு முன்னால், வாசல் கதவைத் திறந்து பிடித்தபடி பேசில். குளிர்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது.

பைன் பெட்டியில என் பையா.

யாரும் கத்தவில்லை, யாரும் தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் புன்னகைத்தபடி வாயசைக்கத் தொடங்கினாள், பைம்பெட்டி வரப்போகிறதென்று. வார்த்தை விளங்கியதும் அவள் வாய் அப்படியே நின்றது.

பேசில் கதவைச் சாத்தினார். இந்தப் பக்கமிருந்து. படியிலேயே உட்கார்ந்தார்.

 பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, சனங்கள் பேச ஆரம்பித்தபிறகு பேசில் மெல்ல எங்களிடம் வந்தார். வில்ஃபைப் பார்க்கவில்லை, பெர்ஸின் தேயிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த ஆளுக்குப் பெட்டியாவது வந்துச்சு."

 வில்ஃப் நாற்காலியை நகர்த்தி இடம்விட்டான். பேசில் உட்கார்ந்துகொண்டார். எங்களுக்கு இன்னும் இரண்டு பாட்டுக்கு நேரம் இருந்தது. பாடினோம்.

பிப்ரவரி 22, சனி

மீன்கடை வரிசையில் மூன்று கொக்கு மதுக்கடைக்காரரைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. ட்ரெட்கோல்டின் ஆட்கள் நான்கு வெள்ளிக்கிழமையாகக் கடைப் பக்கமே தலைகாட்டுவதில்லையாம்.

"என்னம்மா ஆச்சு அவங்களுக்கு? என் பீர்ல ஏதும் கோளாறா?"

பீரில் ஒரு கோளாறும் இல்லை, இடைவேளையில் இப்போது அவர்களுக்குக் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றேன்.